பொலிஸுக்குச் சொன்ன திகதி

நூலகத்தின் கீழ்த்தளக் கூட்ட அறையில், ஒரு ஞாயிறு பின்னேரம், என்னுடைய வரைபடத்தைத் திரையில் கண்டு முப்பது பேர் பேச்சை நிறுத்தினார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கைகூட நின்றது. மிக்சரில் பொரித்துப் போட்ட கறிவேப்பிலையின் வாசம் மட்டும் அறையில் நடமாடியது.

மிகச் சாதாரணமான வரைபடம்தான். கீழே மாதங்கள். அவற்றின் மேல் சிவப்புப் பட்டைகள், அந்தந்த மாதத்தில் ரூஜ் என்ற புறநகரில் எங்கள் நாலைந்து தெருக்களுக்குள் உடைக்கப்பட்ட வீடுகள். கோடையில் பட்டைகள் குட்டையாக இருந்தன. ஒக்டோபரில் திடீரென உயரமாக எழுந்து நின்றன.

பரா அங்கிள் தன் ஒளிப்பேனாவின் சிவப்புப் புள்ளியை அந்த உயரம் தொடங்கும் இடத்தில் வைத்தார். அவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தெருவில் எல்லா வீட்டு இலக்கமும் மனப்பாடம்.

"உந்த இடத்திலதான் உவை வந்து குடியேறினவை. நான் சொல்லேல்ல. பிள்ளையின்ர கணக்குச் சொல்லுது."

"உவை" யாரென்று அறையில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சாலையோரம் செப்டெம்பர் கடைசியில் ஒரு வீடு திறந்திருந்தார்கள். சிறைத்தண்டனையின் இறுதிப் பகுதியைக் கண்காணிப்போடு வெளியில் கழிப்பவர்கள் எட்டுப் பேர் அதில் தங்கியிருந்தார்கள். ஹாஃப்வே ஹவுஸ் என்பார்கள். எங்கள் தெருவில் "அந்த வீடு" என்றால் போதும்.

வீட்டை மூடச் சொல்லி நகரசபை உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவது, என் வரைபடத்தை அதோடு இணைப்பது, மூன்று கிழமை கழித்து இதே அறையில் கூடிக் கையெழுத்து வைப்பது. தீர்மானம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் எனக்குக் கை தந்தார்கள். நான் மகிழ்ச்சியாகவே வீட்டுக்குப் போனேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

என் தொழில் பற்றி

இந்தத் தொடரில் பேருந்து எண்களைப் பற்றிய போன கிழமை அத்தியாயத்தைப் படித்த ஒருவர், "நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். நான் புள்ளிவிபரவியல் படித்தவள். குற்றத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கப்படும் திட்டங்கள் உண்மையில் குறைக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன்.

சலிப்பான வேலை. ஆனால் ஆட்களின் நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு. சிறையைச் சுற்றிக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது ஒரு நம்பிக்கை. திருந்துவதில்லை. ஒருமுறை உடைத்த வீட்டுக்குக் கள்ளன் திரும்ப வரமாட்டான் என்பது இன்னொன்று. வருவான், அதுவும் கெதியாக வருவான். சிறையிலிருந்து வெளியே வருகிறவருக்குப் படுக்க ஒரு இடமும் போக ஒரு வேலையும் இருந்தால் அக்கம்பக்கத்துக்கு அதுவே பாதுகாப்பு என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இதையெல்லாம் அறிந்த நான்தான் அந்த வரைபடத்தைக் கீறினேன்.

களவு போன வீட்டுக்காரருக்காக ஒரு படிவம் தயாரித்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். பதினான்கு குடும்பங்கள் நிரப்பின. எந்த வழியால் வந்தார்கள், என்ன போனது, வெளி லைட் எரிந்ததா, பொலிஸுக்கு அறிவித்த திகதி எது.

பொலிஸுக்கு அறிவித்த திகதியைக் கேட்டதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. பொலிஸ் தரும் துண்டில் அது அச்சில் இருக்கும். வேண்டுமென்றால் சரிபார்க்கலாம். மனித ஞாபகத்தை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

ரோல்ஸ் கடையில்

கூட்டத்துக்கு அடுத்த வெள்ளி, வேலை முடிந்து வரும் வழியில் பிளாஸாவில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். மரக்கறி ரோல்ஸ் ஆறு, சம்பல் ஒரு டப்பா. வழக்கமான பட்டியல்.

எடுத்துத் தந்தவர் புதியவர். நாற்பது வயதிருக்கும். ஒரு கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே பைக்குள் ரோல்ஸை அடுக்கினார். பணம் கட்டும்போது என் அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ? வாட்ஸ்அப்பில ஒரு சிவப்புப் படம் சுத்துது. அதுக்குக் கீழ இருக்கிற பேர் நீங்கள்தானே?"

"ஓம்."

"நான் கிரி. அந்த வீட்டிலதான் இருக்கிறன்."

எனக்குப் பின்னால் வரிசை இல்லை. இருந்திருந்தால் நகர்ந்து போயிருப்பேன்.

"நான் வீடு உடைச்சு உள்ள போனவன் இல்லை" என்றார். "ஒரு அடிபாடு. இருபத்தஞ்சு வயசில இருந்த கோவத்தை முப்பத்தஞ்சிலயும் விடாம வச்சிருந்தன். ஒருத்தருக்குக் கை ஏலாமப் போட்டுது. நான் செய்தது செய்ததுதான், அதைக் குறைச்சுக் கதைக்க வரேல்ல."

"பிறகு என்ன கேக்க வந்தீங்கள்?"

"உங்கட படம் சரியோ?"

நான் சொன்னேன், திகதிகள் எல்லாம் பொலிஸ் துண்டில் உள்ளவை என்று. அவர் தலையாட்டினார். விவாதிக்கவில்லை. அதுதான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

"சரியெண்டால் சரி. வீட்டை மூடினா எங்களை எங்க அனுப்புறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். வேற ஊரில கட்டில் கிடைச்சால் அங்க. கிடைக்காட்டி, கிடைக்குமட்டும் திரும்ப உள்ளதான். அதுதான் கேட்டனான்." பையை நீட்டினார். "சம்பல் கொஞ்சம் கூடப் போட்டிருக்கு. லஞ்சம் எண்டு நினைக்காதேங்கோ, முதலாளி எல்லாருக்கும் அப்பிடித்தான் போடச் சொன்னவர்."

காரில் ஏறியும் சாவியைத் திருப்பவில்லை. அவர் பேசியதை நம்புவதா இல்லையா என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றும் எழுத முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டது நம்பிக்கை இல்லை. கணக்கைத்தான் கேட்டிருந்தார்.

அம்மாவின் அட்டியல்

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் பதினான்கு படிவங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். துண்டு இலக்கம் சரி. திகதி சரி. கூட்டல் சரி. எதிலும் பிழையில்லை.

அம்மா துவாய்கள் மடித்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

"வசந்தியின்ர வீடு ஒக்டோபரிலயோ போட்டிருக்கிறாய்? உது பிழை."

வசந்தி அன்ரி எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். அம்மாவோடு தினம் நடக்கப் போவார். ஓகஸ்டில் மகளுக்குக் கலியாணம் செய்தவர்.

"பொலிஸ் துண்டில அப்பிடித்தான் இருக்கு அம்மா."

"துண்டில இருக்கும். களவு போனது கலியாணத்தண்டு."

அதற்குப் பிறகு அம்மா துவாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தவறிச் சொல்லிவிட்டவர் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பின்னேர ரிசெப்ஷனுக்கு உடுப்பு மாற்ற வசந்தி அன்ரி வீட்டுக்கு வந்திருக்கிறார். பின்கதவு பிளந்து கிடந்தது. ரிசெப்ஷனுக்கென்று எடுத்து வைத்த நகைகள் ஒன்றும் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தார். அம்மா தன் கழுத்து அட்டியலையும் காப்புகளையும் ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். மணப்பெண் அன்று பின்னேரம் என் அம்மாவின் அட்டியலோடு மேடையில் நின்றாள். நானும் அங்கே நின்று படம் எடுத்தேன். கவனிக்கவில்லை.

"ஏன் உடன பொலிஸுக்கு அடிக்கேல்ல?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இதைக்கூட உனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ற பார்வை.

"நல்ல காரியம் நடக்கிற வீட்டு வாசல்ல பொலிஸ் காரோ? நாலாம் சடங்கு முடியவேணும். சம்பந்தி ஆக்கள் நோர்வேயால வந்து அந்த வீட்டிலேயே நிண்டவை. முதல் நாளே அபசகுனம் எண்டு பிள்ளையின்ர தலையிலதானே போடுவினம்? உடைஞ்ச கதவுக்குப் பலகை அடிச்சு, மேல திரைச்சீலை போட்டு, கதவு மாத்தப் போறம் எண்டு சொன்னவள். அவை பிளேன் ஏறினது செப்டெம்பர் கடைசி. அதுக்குப் பிறகுதான் அறிவிச்சவள்." துவாயை மீண்டும் மடித்தார். "இன்சூரன்ஸ்காரன் கேட்ட கேள்வியே அவளுக்குப் போதும். நீ தொடங்காத. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்."

நான் கணினியை மூடினேன். சரிபார்க்கக்கூடிய திகதியைத் தேடப் போய், களவு நடந்த திகதியைக் கேட்க மறந்திருந்தேன். அதுவும் எங்கள் ஆட்களிடம். பதினொரு வயதில் இந்த ஊருக்கு வந்து, எத்தனை கலியாண வீட்டுக் களஞ்சிய அறைகளில் பெரியவர்கள் கிசுகிசுத்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

இரண்டு கேள்விகள்

அடுத்த பத்து நாளும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்தேன். பதினான்கு வீட்டுக்கும் அதே இரண்டு கேள்விகள். வீட்டைப் பூட்டி எப்போது போனீர்கள்? திரும்பி வந்து எப்போது கண்டீர்கள்?

களவு நடந்த மணி ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அது களவாக இருக்காது. ஆனால் போன நேரமும் வந்த நேரமும் தெரிந்தால் நடுவில் உள்ள இடைவெளி கிடைக்கும். வீடு உடைப்பைப் பற்றிய முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருவார்கள்.

பதில்கள் வந்த விதம்தான் விசித்திரம். முதலில் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இது உமக்குள்ள இருக்கட்டும்." ஒரு வீட்டில் மகள் பெரியவளான சாமத்தியச் சடங்கு. ஒரு வீட்டில் அறுபதாம் கலியாணம். மூன்று வீடுகளில் செத்தவீடு, முப்பத்தோராம் நாள் கழியும்வரை அதைப் பற்றிப் பேசவே மனமில்லை. மண்டபத்தின் பெயர், நேரம், யார் யார் வருகிறார்கள் என்ற முழு விபரமும் பல நாள் முன்பே இணையத்திலும் வானொலியிலும் போய்விடுகிறது. வீடு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெறுமையாக இருக்கும் என்று நாங்களே நேரசூசி போட்டுக் கொடுத்திருந்தோம்.

பதினான்கில் பதினொன்று, அந்த வீடு திறப்பதற்கு முன் நடந்தவை.

மூன்று பின்னால். அந்த மூன்றையும் யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை. என் கணக்கு யாரையும் நல்லவர் என்று சொல்லவில்லை. கிரி அண்ணை வந்ததால் களவு கூடியது என்று அது சொல்லவே இல்லை, அவ்வளவுதான்.

வசந்தி அன்ரி கடைசி. நேரில் போனேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே பேசினார்.

"கொம்மா சொன்னவவோ?"

நான் கையில் இருந்த படிவத்தை மடித்தேன்.

"சத்தியம் பண்ணினாலும் அவவுக்கு வாய் நிக்காது" என்று சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "நீர் திகதி கேட்டீர். பொலிஸுக்குச் சொன்ன திகதி எண்டு கேட்டீர். நான் அதைத்தான் எழுதினன். என்னில பிழை இல்லைத்தானே?"

"இல்லை அன்ரி. பிழை என்ர கேள்வியில."

"பேர் போடமாட்டீர்தானே? சம்பந்தியின்ர தம்பி அங்கால விட்பி ஊரில இருந்து இப்ப எங்கட தெருவுக்கே வந்திட்டார். கூட்டத்துக்கும் வருவார்."

பெயர் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டாவது ஞாயிறு

கடிதம் அச்சடித்து மேசையில் இருந்தது. பக்கத்தில் இரண்டு பேனா. பரா அங்கிள் மிக்சர் தட்டைக் கடிதத்தில் படாமல் தள்ளி வைத்திருந்தார்.

நான் எழுந்து பழைய வரைபடத்தைக் காட்டினேன். "இது பிழை. கீறினது நான். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன். பிறகு புதியதைப் போட்டேன். பட்டைகள் யூனிலிருந்து ஓகஸ்ட் வரை உயர்ந்து, செப்டெம்பரில் தாழத் தொடங்கியிருந்தன.

அறையில் ஒரு சலசலப்பு. பரா அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, மூண்டு கிழமைக்கு முதல் ஒண்டு சொன்னீர். இப்ப வேற ஒண்டு. ஆற்ற வீடு, என்ன நாள் எண்டு பேர் இல்லாமல் நாங்கள் எப்பிடி நம்புறது? என்ர மனிசி பகலிலயும் கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறா. அவவுக்கு நான் போய் என்ன சொல்ல, பட்டை இடம் மாறிட்டுது எண்டோ?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பயம் நிசமானது. ஆனால் பெயர் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார்.

"என்ர பேரைப் போடுங்கோ."

வசந்தி அன்ரி. எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே சொன்னார். இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு தலை மெல்லத் திரும்பியது. சம்பந்தியின் தம்பியாகத்தான் இருக்கவேண்டும்.

"எங்கட வீடு உடைச்சது ஓகஸ்டில, மகளின்ர கலியாணத்தண்டு. ரிசெப்ஷனில பிள்ளை போட்டிருந்தது இரவல் நகை. நோர்வேக்குத் தெரியக்கூடாதெண்டு மறைச்சனான். இப்ப தெரியட்டும், தம்பி, நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கோ. அப்ப அந்த வீடு திறக்கவே இல்லை. என்ர களவைக் காட்டி அவையை அனுப்பினா அது எனக்கு வேண்டாம்."

அந்தத் தலை முன்பக்கம் திரும்பிக்கொண்டது. முன்னால் இருந்த இன்னொருவர் கை உயர்த்தினார். "எங்கடை சாமத்திய வீட்டண்டு. யூலை." பின்வரிசையில் ஒருவர், "எங்கடையும் முந்தித்தான்." பிறகு ஒரு பெண். பிறகு இருவர் ஒரே நேரத்தில்.

பரா அங்கிள் கண்ணாடியை இன்னும் போடவில்லை.

"எங்கட வீடும்" என்றார். "அண்ணையின்ர செத்தவீட்டண்டு. உடலைப் பார்வைக்கு வச்சிருந்த நேரம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியப் போய்த்தான் அறிவிச்சனான்." மேசையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். "எங்கட ஒண்டுதான் முந்தி நடந்து பிந்தி அறிவிச்சது எண்டு நினைச்சன்."

பிந்தி அறிவித்த குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் நினைத்திருந்தன. ஒவ்வொருவரும் தன் வீட்டு உண்மையை மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவர்களின் திகதியை நம்பி, ஒரு கடிதத்துக்குக் கிட்டப் போயிருந்தார்கள். அதற்குப் பாதை வெட்டிக் கொடுத்தது என் படிவம்.

கடிதத்தை ஒருவரும் கிழிக்கவில்லை. பரா அங்கிள் அதை மறுபக்கம் திருப்பி, வெற்றுத் தாளில் எழுதத் தொடங்கினார். பின்கதவுப் பூட்டு. அறிவித்தலில் வீட்டு முகவரி வேண்டாம். விசேஷம் நடக்கும் வீட்டில் அயலவர் ஒருவர் வந்து இருப்பது.

"ஆர் இருக்கிறது?" என்று வசந்தி அன்ரி கேட்டார். "கலியாணத்துக்குச் சொல்லாத ஆக்கள் எங்கட தெருவில ஆர் இருக்கினம்? சொல்லாமல் விட்டாலே சண்டை, இதில காவலுக்கு வா எண்டு கேக்கிறதோ?"

"சாப்பாடு பார்சல் வரும் எண்டு போடுவம்" என்றார் பரா அங்கிள். அன்று முதல்முறையாக அவரும் சிரித்தார்.

தொலைபேசி

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றே கடைக்குப் போன் எடுத்தேன். கிரி அண்ணையைக் கேட்டேன். அடுப்புச் சத்தத்துக்கு நடுவில் வந்தார்.

"என்ர படம் பிழை" என்றேன். "எல்லாருக்கும் சொல்லிட்டன். கடிதம் அனுப்பேல்ல."

"அப்ப வீடு இருக்குமோ?"

"எங்கட சங்கத்தால இனிப் பிரச்சினை இல்லை. இருக்கும்."

மறுமுனையில் யாரோ மூன்று கொத்துரொட்டி கேட்பது கேட்டது. நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றி சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

"தங்கச்சி, அப்ப வைக்கட்டோ? பல்லு டொக்டரிட்ட ஒருக்கா அடிக்கவேணும். ஒரு மாசமா வலி. ரெண்டுதரம் வரவேணும் எண்டவை. ரெண்டாந்தரம் நான் எந்த ஊரில இருப்பனோ எண்டு நேரம் எடுக்காமல் விட்டிட்டன்."

"இண்டைக்கு ஞாயிறு அண்ணை. பூட்டியிருக்கும்."

"பரவாயில்லை" என்றார். "மெஷினில சொல்லி வைக்கிறன்."